சைன் ஆஃப் ஆகி ஊருக்கு வந்த அப்பா... கரையில் ஒரு நாளை எப்படி ஓட்டுவது?

செஞ்சிக்கும் கடலுக்கும் நடுவே கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் தூரம். திண்டிவனம் போய், அங்கிருந்து மரக்காணம் பஸ் பிடித்தால்தான் அலைச் சத்தம் கேட்கும். ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் பாறை, வயல், ஏரி, கோட்டை மதில். இப்படி ஓர் ஊருக்கு, முப்பது வருஷம் கப்பலில் ஓடிய ஒருவர் ரிட்டயர் ஆகி நிரந்தரமாக வந்து சேர்ந்தால் அவருடைய ஒரு நாள் எப்படி இருக்கும்?

கப்பல் வேலை என்றதும் தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை என்றுதான் நினைக்கிறோம். ஆனால், வணிகக் கப்பலில் சேர கடற்கரையில் பிறந்திருக்கத் தேவையில்லை. டிப்ளமோவோ, ஐ.டி.ஐ-யோ, ஜி.பி. ரேட்டிங் பயிற்சியோ முடித்துவிட்டு உள்மாவட்டத்துப் பையன்களும் ஏறுகிறார்கள். உலக வணிகக் கப்பல்களில் சுமார் 18.9 லட்சம் பேர் வேலை பார்ப்பதாக 2021-ல் சர்வதேசக் கப்பல் துறை அமைப்புகள் கணக்கிட்டன. அதிகம் பேரை அனுப்பும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கேப்டன், சீஃப் இன்ஜினீயர் மட்டுமல்ல... போசன், ஃபிட்டர், ஆயிலர், சமையல்காரர் என்று எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் கடைசி 'சைன் ஆஃப்' வரும். கணக்கு முடித்து, சி.டி.சி. எனும் பணிப் பதிவுப் புத்தகத்தில் கடைசிப் பதிவு போட்டு, பெட்டியோடு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். 'இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுங்க' என்று வீட்டில் சொல்வார்கள். பிரச்னையே அந்த ரெஸ்ட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

கப்பலில் நேரத்தை அவர் பார்க்கவில்லை!

கப்பலில் ஒரு நாள் என்பது நான்கு நான்கு மணி நேரத் துண்டுகள். நான்கு மணி நேரம் டூட்டி, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம் டூட்டி. இதற்குப் பெயர் 'வாட்ச்'. வழக்கமான ஏற்பாட்டில் 12-4 வாட்ச் செகண்ட் ஆபீஸருக்கு, 4-8 சீஃப் ஆபீஸருக்கு, 8-12 தேர்டு ஆபீஸருக்கு. பகலில் எந்த நேரமோ, இரவிலும் அதே நேரம். அதாவது, 12-4 வாட்ச்காரர் மதியம் 12 மணிக்கும் டூட்டி ஏறுவார். நடுராத்திரி 12 மணிக்கும் ஏறுவார். பழைய காலத்தில் அரை மணிக்கு ஒரு மணியடி கூடிக்கொண்டே போகும்; எட்டாவது அடி விழுந்தால் வாட்ச் முடிந்தது என்று அர்த்தம்.

இதோடு கடிகாரமும் ஓர் இடத்தில் நிற்காது. தீர்க்கரேகையில் 15 டிகிரி கடந்தால் ஒரு மணி நேர வித்தியாசம். கிழக்கே போனால் கடிகாரத்தை முன்னால் தள்ள வேண்டும், மேற்கே போனால் பின்னால். சிங்கப்பூரில் ஒரு நேரம், சூயஸ் கால்வாயில் ஒரு நேரம். உடம்பு 'இப்ப மணி என்ன?' என்று கேட்பதையே விட்டுவிடும். போர்டில் எழுதியிருக்கும் நேரம்தான் நேரம்.

ஓய்வைக்கூட விதிதான் முடிவு செய்யும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம், அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கு ஒரு பதிவேடு, அதில் கையெழுத்து. காலை டீ, மத்தியான டீ, சாப்பாடு எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. மாதத்துக்கு ஒருமுறையாவது தீயணைப்பு ஒத்திகை, கப்பலைக் கைவிடும் ஒத்திகை. மதியம் 12 மணியானால் கப்பல் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஓடியது, எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று கம்பெனிக்கு 'நூன் ரிப்போர்ட்' போகும்.

இப்படி முப்பது வருஷம் வாழ்ந்தவரிடம் திடீரென்று ஒரு முழு நாளைக் கையில் கொடுத்து, 'உங்க இஷ்டம்' என்றால் எப்படி இருக்கும்? அவர் கையில் இருந்தது வேலை மட்டுமல்ல. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது என்று சொல்லும் ஓர் அமைப்பு. சைன் ஆஃப் ஆனதும் அதுவும் சேர்ந்தே போய்விடுகிறது.

அதனால்தான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். மகள் எழுந்து வந்து, "என்னப்பா, தூக்கம் வரலையா?" என்று கேட்பாள். வராமல் இல்லைம்மா... உடம்பைப் பொறுத்தவரை அது அவருடைய டூட்டி நேரம்!

உடம்பு கரைக்கு வர நாளாகும்

கப்பலை விட்டு இறங்கியதும் தரை ஆடுவதுபோல் தோன்றுவது பலருக்கு நடப்பதுதான். கடலின் ஆட்டத்துக்குப் பழகிய மூளை, ஆடாத தரையிலும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கலாம். மருத்துவத்தில் இதற்கு 'மால் டி டெபார்க்மென்ட்' என்று பெயர். அப்படி நீடித்தால் 'பித்தம்' என்று எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருக்காமல் காது-மூக்கு-தொண்டை டாக்டரையோ நரம்பியல் டாக்டரையோ பார்ப்பது நல்லது.

அடுத்தது அமைதி. கப்பலில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் நிற்கவே நிற்காது. அது நின்றால்தான் பயம், ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஊரில் ராத்திரி கரன்ட் போய், ஃபேன் நின்று, நிசப்தமானால் நாம் திரும்பிப் படுப்போம். இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவார். அதைக் கிண்டல் செய்யாதீர்கள். அந்தப் பழக்கம்தான் இத்தனை வருஷம் அவரையும் கூட இருந்தவர்களையும் காப்பாற்றியது.

இன்னொன்று, டி.வி. வால்யூம். 'அப்பாவுக்கு எல்லாமே சத்தமா வெக்கணும்' என்று பல வீடுகளில் சண்டை நடக்கும். இன்ஜின் ரூமின் இரைச்சலை நினைத்துப் பாருங்கள். 2014 ஜூலைக்குப் பிறகு ஒப்பந்தமாகும் புதிய கப்பல்களுக்குத்தான் சர்வதேச இரைச்சல் விதி கட்டாயமானது. அந்த விதியிலேயே இயந்திரப் பகுதிகளில் 110 டெசிபல் வரை அனுமதி உண்டு. 85 டெசிபலைத் தாண்டினாலே காதுக்கவசம் போட வேண்டும். இப்போது ரிட்டயர் ஆகிறவர்கள் அந்த விதி வருவதற்கு முன்பே பழைய கப்பல்களில் பாதி வாழ்க்கையை ஓட்டியவர்கள். சத்தமாகப் பேசுவது, கூட்டத்தில் பேச்சு பிடிபடாமல் ஒதுங்குவது, காதில் 'ங்ங்' என்று இரைவது எல்லாம் கேட்கும் திறன் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் ஒரு கேட்கும் திறன் பரிசோதனை செய்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். 'சொன்னதைக் காதுலயே வாங்கறதில்ல' என்று நாம் கோபப்படும் பல நேரங்களில், நிஜமாகவே அவர் காதில் விழுந்திருக்காது.

வேலையில் இருக்கும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மெடிக்கல் சர்டிஃபிகேட் புதுப்பித்தாக வேண்டும். பி.பி., சுகர், கண், காது எல்லாம் பார்த்தால்தான் கப்பல் ஏற முடியும். ரிட்டயர் ஆன அன்றோடு அந்தக் கட்டாயமும் போய்விடும். உடம்பைக் கவனிக்க வேண்டிய வயசு வரும்போதுதான் 'கட்டாயம் பண்ணணும்' என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். பிறந்த நாளோ பொங்கலோ, வருஷத்தில் ஒரு தேதியைக் குறித்து அந்தப் பரிசோதனையை வீடே தொடரலாம்.

வீடு அவர் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான இடம்.

ஒரு சின்னக் கணக்கு. வருஷத்துக்கு எட்டு மாதம் கப்பலில் என்றால், முப்பது வருஷத்தில் இருபது வருஷம் வீட்டில் இல்லை. குழந்தையின் முதல் காய்ச்சல், ஸ்கூல் அட்மிஷன், மாமியாரின் ஆபரேஷன், வீட்டுக்கு கான்கிரீட் போட்ட நாள், பெண் பார்க்க வந்த நாள் என எல்லாவற்றையும் அம்மா ஒருத்தியாக நின்று நடத்தியிருப்பார். அப்பா அனுப்பிய பணம் வந்தது; அவர் வரவில்லை. அது அவர் தப்பும் இல்லை. தொடர்ந்து எவ்வளவு காலம் கப்பலில் வைத்திருக்கலாம் என்பதற்கே, 12 மாதத்தைத் தொடக் கூடாது என்ற வரம்புதான் சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது அந்த வரம்பும் உடைந்து, லட்சக்கணக்கானோர் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கடலிலேயே கிடந்தார்கள்.

இன்று வீடியோ காலில் பேசுகிறோம். இவர்கள் வேலையில் சேர்ந்த காலத்தில் கடிதம்தான். கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போனால்தான் கைக்கு வரும். அவசரம் என்றால் ரேடியோ ஆபீஸர் வழியாகத் தந்தி. 1999 பிப்ரவரி 1-ம் தேதி செயற்கைக்கோள் வழி அவசரத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், அந்த ரேடியோ ஆபீஸர் என்ற வேலையே கப்பல்களிலிருந்து மறைந்துபோனது. கப்பலில் இன்டர்நெட் வசதி தர வேண்டும் என்ற சர்வதேசத் திருத்தம் 2024 டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதாவது, இன்றைய அப்பாக்களில் பலர் உங்கள் குழந்தைப் பருவத்தை போட்டோவிலும் கடிதத்திலும் தெரிந்துகொண்டவர்கள்.

லீவில் வந்த நாள்களில் அவர் விருந்தாளி. சாக்லேட், சென்ட், புதுச் சட்டை, தினமும் கறிக்குழம்பு. இரண்டு மாதம் கழித்துக் கிளம்பிவிடுவார். இப்போது கிளம்பவில்லை! மூன்றாவது மாதம் வீட்டில் எல்லோருக்கும் லேசாக ஒரு நெருடல் வரும். ஃப்ரிட்ஜை ஒழுங்குபடுத்துவார். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று எழுதி வைப்பார். "இந்த ஸ்விட்சை ஏன் ஆஃப் பண்ணலை?" என்பார். சாப்பாடு ஒரு மணிக்கு வரவில்லை என்றால் முகம் மாறும். அம்மா எதுவும் சொல்லாமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். "இத்தனை வருஷம் நான்தானே பாத்துக்கிட்டேன்" என்ற ஒரு வரி தொண்டை வரை வந்து நிற்கும்.

இதற்கான வழி கப்பலிலேயே இருக்கிறது.

ஓர் ஆபீஸர் இறங்கும்போது, அடுத்து வருபவருக்கு 'ஹேண்டிங் ஓவர் நோட்' எழுதிக் கொடுப்பார். எந்த பம்ப் மக்கர் செய்யும், எந்தச் சாவி எங்கே, எது பாதியில் நிற்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். எவ்வளவு சீனியர் கேப்டனாக இருந்தாலும் புதுக் கப்பலில் ஏறினால் முதலில் அந்தக் கப்பலைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறிய உடனே 'இதை இப்படி மாத்து, அதை அப்படி வை' என்று ஆரம்பிக்கும் கேப்டனை யாருக்கும் பிடிக்காது.

வீடு அவருக்குப் புதுக் கப்பல். கேப்டன் ஏற்கெனவே இருக்கிறார்; முப்பது வருஷமாக அம்மாதான். ஆனால், அப்பாவுக்கு யாரும் ஹேண்டிங் ஓவர் நோட் எழுதித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. பாதிப் பிரச்னை இதுதான்.

ஓர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை எழுதலாம். ரேஷன் எந்தத் தேதியில், பால்காரருக்கு எப்போது கணக்கு, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் எழுதியிருக்கிறோம், பேரனின் ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு, அம்மா சாப்பிடும் மாத்திரை எது, போனில் கரன்ட் பில் கட்டுவது எப்படி... எல்லாமே. பிறகு அதில் ஒன்றிரண்டு வேலைகளை அப்பா முழுசாக எடுத்துக்கொள்ளட்டும். 'உதவி செய்யறேன்' என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தலையிடுவதைவிட, பேரனை வேன் ஏற்றும் வேலை இவருடையது என்று ஒன்றை ஒப்படைப்பது எவ்வளவோ மேல். அவருக்கும் அதுதான் பழக்கம். கப்பலில் ஒவ்வொருவருக்கும் தன் வேலை எது என்று தெளிவாகத் தெரியும்.

காசு விஷயம்: கடலில் இருக்கும்போதே பேச வேண்டியது

'கப்பல்ல வேலை பார்த்தவரு, அவருக்கென்ன' என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கும். நிஜம் வேறு. பெரும்பாலானோருக்கு இது ஒப்பந்த வேலை. கப்பலில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம், இறங்கினால் நின்றுவிடும். அரசு ஊழியரைப்போல மாதாமாதம் வரும் பென்ஷன் கிடையாது. அதனால், கடைசி சைன் ஆஃப் என்பது வருமானத்துக்கும் சைன் ஆஃப்.

சாதாரணப் பணியாளர்களுக்கு, அதாவது ரேட்டிங்ஸுக்கு, 1966-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. மும்பையில் உள்ள மாலுமிகள் வருங்கால வைப்பு நிதி அமைப்பு அதை நடத்துகிறது. அதே ஊரில் மாலுமிகள் நல நிதிச் சங்கமும் உண்டு. பல கம்பெனிகளில் மாறி மாறி வேலை பார்த்தவர்கள் தங்கள் கணக்கு எண், நாமினி விவரம், சி.டி.சி. பதிவுகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ரிட்டயர் ஆவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு மும்பை ஆபீஸுக்கு நடையாய் நடக்க முடியாது, பாருங்கள்.

அடுத்தது பேங்க். வெளிநாட்டில் அதிக நாள் இருந்ததால் பலருக்கும் என்.ஆர்.இ. கணக்கு இருக்கும். நிரந்தரமாக ஊரோடு வந்துவிட்டால் அதைச் சாதாரண உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும். அந்த வட்டிக்கு இருந்த வரிச் சலுகையும் முடிந்துவிடும். 'எப்பவும்போல இருக்கட்டும்' என்று விட்டுவிடுவதுதான் பின்னால் தலைவலி.

கையில் வந்த மொத்தத் தொகையை மாத வருமானமாக மாற்றுவதுதான் அடுத்த வேலை. 60 வயது முடிந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். இரண்டும் என்.ஆர்.ஐ-களுக்குக் கிடையாது. அதனால், மேலே சொன்ன பேங்க் வேலையை முதலில் முடிக்க வேண்டும்.

முக்கியமாக, ஹெல்த் இன்ஷூரன்ஸ். கப்பலில் இருந்தபோது நோய் வந்தால் கம்பெனி பார்த்துக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்தால் அந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடும். அறுபது வயதில், சுகரோடும் பி.பி-யோடும் புதுப் பாலிசி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது இப்போது கப்பலில் இருந்தால், இந்த வாரமே பேச வேண்டிய விஷயம் இது.

செஞ்சியில் ஒரு நாளை வாட்ச் போட்டுப் பார்ப்போம்

நாளின் கூடு உடைந்துபோனதுதான் சிக்கல் என்றால், புதுசாக ஒரு கூடு கட்டுவதுதான் தீர்வு. செஞ்சி அதற்கு மோசமான ஊர் இல்லை.

காலை வாட்ச்: எந்த நேரத்தில் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். இதுதான் கலைந்த தூக்கத்தைச் சரிசெய்யும் முதல் படி. எழுந்ததும் வெயில் முகத்தில் பட வேண்டும். உடம்பின் கடிகாரத்தைச் சரியாக வைப்பது காலை வெளிச்சம்தான். சிங்கவரம் பக்கம் நடக்கலாம். பாறையில் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வரலாம். கோட்டைக்குள் என்றால் தொல்லியல் துறை திறந்து வைத்திருக்கும் நேரத்தில்தான். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வாழ்நாள் முழுக்கக் கப்பலின் செங்குத்துப் படிகளில் ஏறி இறங்கிய முட்டிகள் இவை. மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். டாக்டர் சரி என்று சொன்னால் ஏறலாம். இல்லை என்றால் அடிவாரத்தில் கல்யாண மஹால், நெற்களஞ்சியங்கள், செட்டிக்குளம் என்று ஒரு சுற்று வந்தாலே போதும்.

பகல் வாட்ச்: இங்கேதான் 'தன் வேலை' ஒன்று வேண்டும். ஃபிட்டருக்கும் எலெக்ட்ரிக்கல் ஆபீஸருக்கும் ஊரில் வேலைக்கா பஞ்சம்? மோட்டார் பம்ப்செட் ஓடாத கொல்லையே இல்லை. நிலம் இருந்தால் விவசாயம். ஆனால், முதல் வருஷமே சேமிப்பு மொத்தத்தையும் நிலத்தில் போடாமல், சொந்தக்காரர்களோடு இரண்டு போகம் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. நெல்லும் மணிலாவும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் என்ன விலை போகிறது என்று தெரிந்துகொள்வதும் ஒரு படிப்புதான். மத்தியானத் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டினால் ராத்திரி மறுபடி 12-4 வாட்ச்தான், ஞாபகம் இருக்கட்டும்.

சாயங்கால வாட்ச்: இது மனிதர்களுக்கான நேரம். கப்பலில் இருபது இருபத்தைந்து பேருக்குள்ளேயே வாழ்ந்தவர். ஊரில் அவரோடு படித்தவர்களுக்கு முப்பது வருஷக் கதைகள் பொதுவாக இருக்கும், இவருக்கு இருக்காது. டீக்கடையில் போய் நின்றாலும் பேச்சில் நுழைய முடியாது. மெதுவாகத்தான் நடக்கும். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு செஞ்சி வழியாகப் போகும் பஸ் கூட்டத்தைப் பாருங்கள். கடலில் இருந்தவருக்கு அமாவாசை என்றால் நீரேற்றம் அதிகம் இருக்கும் நாள். துறைமுகத்துக்குள் நுழையும்போது கணக்கில் வைக்க வேண்டிய நாள். ஊரில் அதே நிலாக் கணக்கு வேறு ஒரு கூட்டத்தைக் கொண்டுவருகிறது. அதில் ஒருவராகப் போய் நிற்க ஆரம்பித்தால், ஊர் தானாகவே அவரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஊருக்கு அவர் தேவைப்படும் ஓர் இடம்

கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் பணம் பறிக்கும் போலி ஏஜென்ட்டுகள் குறிவைப்பது சின்ன ஊர்ப் பையன்களைத்தான். கப்பலுக்கு ஆள் எடுக்க, கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்களும் வேலைக்காகப் பையன்களிடம் பணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சி.டி.சி., மெடிக்கல் போன்ற செலவுகள்தான் நம்முடையவை. உரிமம் உண்மையா என்று இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இது தெரியாமல் வீட்டு நகையை அடகு வைக்கும் குடும்பத்துக்கு, சி.டி.சி. புத்தகத்தை முப்பது வருஷம் சுமந்த ஒருவர் சொல்லும் பத்து நிமிஷ யோசனை எவ்வளவு பெரிய விஷயம்! மாதம் ஒரு சனிக்கிழமை ஊர் நூலகத்திலோ ஸ்கூலிலோ உட்கார்ந்தால் போதும்.

கதை சொல்லத் தெரிந்தவர் என்றால் இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். கடலே தெரியாத இந்தக் கோட்டைதான் ஒரு காலத்தில் கடற்கரையின் தலையெழுத்தையும் எழுதியது. 1689-ல் இங்கே வந்து சேர்ந்த சத்ரபதி ராஜாராமின் மராட்டிய ஆட்சியிடமிருந்துதான், 1690-ல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேரம். 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். இதை ஊருக்கு வரும் பயணிகளிடம் ஒரு கப்பல்காரர் சொன்னால் கேட்க நன்றாகத்தானே இருக்கும்?

மனசு வாடினால்...

எல்லோருக்கும் இது தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் இருப்பது, சாப்பாடு குறைவது, யாரோடும் பேசாமல் ரூமுக்குள்ளேயே இருப்பது, குடி கூடிக்கொண்டே போவது, 'நான் இருந்து என்ன ஆகப்போவுது' என்ற மாதிரிப் பேச்சு... இவை எதையும் 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடாதீர்கள். கப்பலில் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே சமாளித்துப் பழகியவர்கள், தாங்களாக வந்து சொல்ல மாட்டார்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே, இலவசமாக, எந்த நேரத்திலும் பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கும்!

பிள்ளைகள் என்ன செய்யலாம்?

* முதல் ஆறு மாதம் 'ஏன் இப்படிப் பண்றீங்க?' என்ற கேள்வியைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'கப்பல்ல இதை எப்படிப்பா பண்ணுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு திசையில் போகும்.

* அம்மாவின் பக்கமும் நில்லுங்கள். ரிட்டயர் ஆனது அப்பா மட்டும்தான்; அம்மாவுக்கு வேலை கூடியிருக்கிறது. அவருடைய தனி நேரம், கோயில், தோழிகள், சீரியல் எதுவும் பறிபோகக் கூடாது.

* யு.பி.ஐ., டிக்கெட் புக்கிங், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். பழைய கப்பல் நண்பர்களைத் தேடி ஒரு குரூப்பில் சேர்த்துவிடுங்கள். தான் பேசுவது புரிகிற ஆள்கள் அங்கேதான் இருப்பார்கள்.

* அவர் கேஸ் சிலிண்டர் தேதியையும் மீட்டர் ரீடிங்கையும் எழுதி வைத்தால் எழுதட்டும். அது அவருடைய நூன் ரிப்போர்ட். ராத்திரி சாப்பிடும்போது "இன்னிக்கு என்னப்பா ரிப்போர்ட்?" என்று கேளுங்கள்.

* உங்கள் பிளஸ் டூ மார்க்கும், முதல் சைக்கிளும், கீழே விழுந்து கை உடைந்ததும் அவருக்குச் செய்தியாக மட்டுமே தெரியும். ஒருநாள் உட்கார்ந்து முழுசாகச் சொல்லுங்கள். அந்த ஹேண்டிங் ஓவர் நோட்டை அம்மாவால் எழுத முடியாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.